தேதி சாருக்கு ஞாபகம் வந்த நாள்

“என் வீட்டுக்காரர் எங்க கல்யாண நாளை ஞாபகம் வெச்சுக்கிட்டு பூங்கொத்து அனுப்பியிருக்காருங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு.”

இப்படி ஒரு புகாரோடு படியேறி வந்த மனைவியை அந்தத் துப்பறியும் அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. பூட்டு சாவிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல். நாற்காலிகளில் ஒன்று அத்தைக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. ஸ்டூல் வாய்தாவுக்கு.

வாய்தா என்பது அவனுக்கு ஒரு வக்கீல் வைத்த பெயர். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எந்த வழக்குக் கட்டைக் கேட்டாலும் “அடுத்த வாரம் சார்” என்பான். வேலைக்கு வாய்தா கேட்பானே தவிர, வாய்க்கு ஒருநாளும் வாய்தா கொடுத்ததில்லை. வக்கீல் துரத்திவிட்டதும் அப்பாவின் அக்கா சேர்த்துக்கொண்டாள். அத்தை காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்கு பிடிக்கும் வேலையில் தலை நரைத்தவள். செத்துப் போனதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்களை டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள். அவளை ஊரே அத்தை என்றுதான் கூப்பிடும். போலீஸ்காரர்கள் உட்பட.

“பூ வந்தா சந்தோஷப்படணும் அக்கா. எதுக்கு பயம்?” என்றான் வாய்தா.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லை.”

“அதான் கேக்கறே.”

வந்தவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அந்தப் பதற்றத்திலும் அவள் கண் வாய்தாவின் சட்டைத் தோள்பட்டையை ஒருமுறை அளந்து, ‘பெரிசு’ என்று முடிவுகட்டியது.

அவள் கணவரை ஊருக்கே தெரியும். பத்திரிகையில் தினமும் ‘இதே நாளில்’ என்று ஒரு பத்தி எழுதுகிறவர். எந்தப் போர் என்றைக்கு முடிந்தது, எந்தக் கப்பல் என்றைக்கு மூழ்கியது, எந்த மகாராணி என்றைக்குக் கண்ணை மூடினாள் என்று எழுதியே பெயர் தேய்ந்து ‘தேதி சார்’ ஆகிவிட்டார்.

“உலகத்துல எவன் எப்போ பொறந்தான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாரு. எங்க கல்யாணத் தேதி மட்டும் பதினெட்டு வருஷமா அவருக்கு ஞாபகம் வந்ததே இல்லை. திங்கக்கிழமை காலையில சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. போன் வந்துச்சு. பாதி மொகத்துல சோப்போட நின்னு பேசினாரு. ‘வெளியூர் போறேன், தேடாதே’ன்னு அப்படியே துண்டால தொடைச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அதுக்கப்புறம் போன் அணைஞ்சு கெடக்கு. போலீஸ்ல போய்ச் சொன்னா, ‘பூ அனுப்பற புருஷனைக் காணோம்னு புகார் குடுக்கறீங்களே, நாங்க வீட்டுல இருந்துக்கிட்டே அனுப்பறதில்லையேம்மா’ங்கறாங்க.”

“பூவோட சீட்டு ஏதாவது வந்துதா?” அத்தை கேட்டாள்.

தையல்காரி எடுத்து நீட்டினாள். அச்சடித்த சின்ன அட்டை. ‘பதினெட்டாம் ஆண்டுத் திருமண நாள் வாழ்த்துகள்.’

அத்தை அதைப் படித்துவிட்டு மருமகனிடம் கொடுத்தாள். “என்ன தெரியுது?”

“கஞ்சப் பூக்கடைன்னு தெரியுது. மலிவு அட்டை.”

“வேற?”

வாய்தா மறுபடி பார்த்தான். “ஒரு ‘க்’கைக் காணோமே? எல்லாரும் ‘வாழ்த்துக்கள்’னுதானே போடுவாங்க?”

“என் வீட்டுக்காரரும் ‘க்’கோடதான் எழுதுவாரு” என்றாள் தையல்காரி. “பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. இது அவர் இல்லைங்க. யாரோ ஒரு பொம்பளை கை இருக்கு.”

“பொம்பளையா ஆம்பளையான்னு அப்புறம் பாக்கலாம். இலக்கணம் படிச்ச கை” என்றாள் அத்தை. “எங்ககிட்ட வரச்சொல்லி யாரு சொன்னது?”

“நம்ம நகராட்சி சேர்மன்தான். நல்ல மனுஷன். தெனம் ரெண்டு வேளை விசாரிக்கறாரு. அத்தைகிட்ட போம்மா, செலவை நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. தெரிஞ்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுன்னாரு.”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அத்தை கண்ணாடியைத் துடைத்தால் கண்ணாடி அழுக்கு என்று அர்த்தமில்லை. இது வாய்தாவுக்குத் தெரியும். என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது.

பத்திரிகை அலுவலகத்தில் கல்யாண வீட்டுக் களேபரம். மறுநாள் ஆற்றுப் பாலத்தருகே ‘விளக்குப் பெரியவர்’ சிலைத் திறப்பு. அதற்காகத் தனி இணைப்பு தயாராகிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் சேர்மனின் படம் போட்ட சுவரொட்டி. சிலைக்கு உரியவரின் படம் எங்கும் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தையவர், படம் ஏது?

எடிட்டர் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதம் பெருவெள்ளம். ஊர் இருட்டு. ஆற்றில் படகுகள் திசை தெரியாமல் தத்தளித்தன. அப்போது பெயர் தெரியாத ஒரு பெரியவர் பாலத்தின் மேல் ஏறி, கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி விடிய விடிய நின்று கரைகாட்டினார். போன வருஷம் ‘இதே நாளில்’ பத்தியில்தான் முதன்முதலாக இது வெளிவந்தது. வெளிவந்த மறுவாரமே அந்தப் பெயர் தெரியாதவர் யார் என்று சேர்மனுக்குத் தெரிந்துவிட்டது.

“அவரோட கொள்ளுத் தாத்தாதான்!” என்றார் எடிட்டர் பெருமையாக.

“அதுவரைக்கும் தாத்தா எங்கே இருந்தாராம்?” என்றான் வாய்தா.

அத்தை அவன் காலை மிதித்தாள். “தேதி சார் ஊர்ல இல்லை. ஆனா பத்தி தெனமும் வருதே?”

“மெயில்ல வந்துடுது அத்தை. முன்னை விட நல்லா வருது.”

“நல்லான்னா?”

எடிட்டர் குரலைத் தாழ்த்தினார். “வெளியே சொல்லாதீங்க. அவரு நல்ல எழுத்தாளர். ஆனா தேதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே மகாராணியை மூணு தடவை சாகடிச்சிருக்காரு. ஒரு விஞ்ஞானி செத்து ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தாரு. இந்த வாரம் பாருங்க, கழுவித் தொடைச்ச மாதிரி வருது. ஒரு தப்பு இல்லை.”

“அந்த மகாராணி மூணு தடவை செத்ததை யாருமே கேக்கலையா?”

“ஊரே பேசாமத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு ஆளைத் தவிர.” எடிட்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். திறந்ததும் அது மூடிக்கொள்ள மறுத்தது. உள்ளே அஞ்சலட்டைகள் பிதுங்கின. அத்தனையிலும் சிவப்பு மை. “ரிட்டயரான சரித்திர டீச்சர். இவர் ஒரு தப்பு பண்ணினா ரெண்டாம் நாள் திருத்தம் வந்துடும். ‘உங்கள் பத்தியாளரை மறுபடி ஆறாம் வகுப்புக்கு அனுப்பவும்’னு முடிப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை.”

“இந்த வாரம் அட்டை வந்துதா?”

எடிட்டர் யோசித்தார். “வரலையே. உடம்பு சரியில்லையோ என்னமோ.”

“கவலைப்பட்டீங்களா சார்?” என்றான் வாய்தா.

“நிம்மதியா இருந்தேன்.”

அத்தை எழுந்துவிட்டாள். படியிறங்கும்போது சொன்னாள்: “தப்பும் நின்னுடுச்சு. திருத்தமும் நின்னுடுச்சு. ரெண்டும் ஒரே நாள்ல. என்ன புரியுது?”

“தப்பு பண்றவரும் திருத்தறவங்களும் ஒரே கூரைக்குக் கீழே இருக்காங்க.” சொல்லிவிட்டு வாய்தா தானே திடுக்கிட்டு நின்றான். “ஐயையோ அத்தை! அந்த அம்மா கோபத்துல அவரைக் கடத்திட்டாங்களா?”

“கடத்தினவங்க அவர் பொண்டாட்டிக்குப் பூ அனுப்புவாங்களாடா? வண்டியை எடு.”

அத்தை தெருமுனையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன இடைவெளியில் வாய்தா தையல்காரிக்குப் போன் செய்தான். பாவம், கலங்கிப்போய் இருக்கிறாளே, ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நல்ல வார்த்தையோடு டீச்சர் வீட்டு விலாசமும் சேர்ந்து வாயிலிருந்து விழுந்துவிட்டது.

டீச்சர் வீட்டுக் கதவு சங்கிலியின் அளவுக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

“யாரையும் பாக்கறதில்லை.”

“நாங்க உங்க ரசிகர்கள் டீச்சர்” என்றாள் அத்தை. “உங்க அட்டையெல்லாம் இப்பதான் பாத்துட்டு வரோம். ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போயிடறோம்.”

ரசிகர்கள் என்ற சொல்லுக்குச் சங்கிலி கழன்றது. முன்னறை முழுக்கப் புத்தகம். டீப்பாயின் மேல் இரண்டு டம்ளர், இரண்டிலும் சூடு ஆறாத டீ. டீச்சர் ஒன்றை அவசரமாக எடுத்து ஒரு மடக்கு குடித்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

“டீ ரொம்பப் பிடிக்குமோ?” என்றான் வாய்தா.

“சந்தேகம் என்ன?” டீச்சரின் குரலில் பிரம்பு இருந்தது.

அத்தை தலையைச் சொறிந்தாள். உள்ளறை வரை கேட்கும்படி, “ஒண்ணுமில்லை டீச்சர், டைட்டானிக் கப்பல் முழுகினது மே மாசம்தானே?” என்றாள்.

“ஏப்ரல்!” என்றார் டீச்சர்.

“ஏப்ரல் பத்து!” என்றது உள்ளறை.

டீச்சர் சடாரென்று உள்ளறைப் பக்கம் திரும்பினார். “பத்தாம் தேதி கெளம்பினது! முழுகினது பதினஞ்சு! ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவை சொல்றது?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெளியே வாங்க சார். கப்பலே முழுகிடுச்சு” என்றான் வாய்தா.

தேதி சார் வந்தார். ஒரு கன்னத்தில் தாடி கொஞ்சம் அதிகம், மறு கன்னத்தில் கொஞ்சம் குறைவு. அத்தையைப் பார்த்ததும் கும்பிட்டார். “நான் ஓடிப்போகலீங்க. ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“யாருக்குப் பயந்து?”

“ஒரு தாத்தாவுக்கு.”

கதை அப்போதுதான் முழுசாக வெளிவந்தது. போன வருஷம் அந்த ஒரு தேதிக்கு மட்டும் தேதி சாருக்கு எந்தச் சம்பவமும் கிடைக்கவில்லை. பத்தியில் நாலு வரி காலியாக இருந்தது. ஒரு வெள்ளத்தைக் கொண்டுவந்து, ஒரு விளக்கை ஏற்றி, ஒரு பெரியவரைக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டார்.

“கிடைக்கலையா, தேடலையா?” என்றார் டீச்சர்.

“தேடலை” என்றார் தேதி சார் வாய்க்குள்.

“நான் அன்னைக்கே அட்டை போட்டேன். அந்தப் பாலம் கட்டியே அறுபது வருஷம்தான் ஆகுது. கல்லுலயே பொறிச்சிருக்கு. பாலம் வரதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி இவரோட பெரியவர் எதுமேல ஏறி நின்னாரு? காத்து மேலயா? ஊர்ல எல்லாரும் தெனமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போறாங்க. ஒருத்தராவது பாத்தாங்களா? இப்ப அதுமேல சேர்மன் சுவரொட்டியை ஒட்டிட்டாங்க.”

“சேர்மனுக்கு இது பொய்னு தெரியாதா?” என்று கேட்டான் வாய்தா.

“அவருக்குத்தான் முதல்ல தெரியும்” என்றார் தேதி சார். “தாத்தா யாருன்னு அவருக்குத் தெரியாதா? பழைய இரும்பு வாங்கி வித்தவரு. திங்கக்கிழமை போன் பண்ணினாரு. சிலை திறக்கற அன்னைக்கு இன்னொரு சம்பவம் போடணுமாம். விளக்குப் பெரியவரோட வீரத்தை மெச்சி அன்னைக்கிருந்த ஆட்சியாளர் அந்த ஆத்தங்கரை முழுசையும் அவருக்கே எழுதிக் குடுத்ததா. மேடையில நில அதிகாரி அதைப் படிப்பாராம். அதை ஆதாரமா வெச்சு சேர்மன் அங்கேயே ‘நான்தான் வாரிசு’ன்னு வாக்குமூலம் குடுப்பாராம். அப்புறம் கரையில காய்கறி விக்கறவங்க, படகு பழுது பாக்கறவங்க எல்லாரும் காலி பண்ணணும்.” அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நாலு வரி நிரப்பத்தாங்க எழுதினேன். அந்த நாலு வரி நானூறு பேரைத் தெருவுல நிறுத்தும்னா எப்படிங்க எழுதறது? முடியாதுன்னு சொன்னா விடமாட்டாங்க. யாரும் தேடாத எடம் எதுன்னு யோசிச்சேன். என்னைக் கண்டாலே ஆகாதவங்க வீடு ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு.”

“கதவைத் தொறந்ததும் அழுதாரு” என்றார் டீச்சர். “இவர் எழுதறது எனக்குப் பிடிக்காது. இன்னைக்கும் பிடிக்காது. ஆனா ஒரு பொய்யை எழுத மாட்டேன்னு ஒருத்தர் ஓடி வந்தா, சரித்திரம் சொல்லிக்குடுத்தவ கதவைச் சாத்தலாமா? ரெண்டு நிபந்தனை போட்டேன். இங்கே இருக்கற வரைக்கும் பத்தி என் கை பட்டுத்தான் போகணும். ரெண்டாவது, பொண்டாட்டிக்குப் பூ அனுப்பணும்.”

“கல்யாணத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவர் மோதிரத்துல பொறிச்சிருக்கு. பதினெட்டு வருஷமா விரல்லயே சுமந்துக்கிட்டுத் தேதி தெரியலைங்கறாரு.”

வாய்தா அடுத்த நக்கலுக்கு வாயைத் திறந்தான். வாசலில் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. தையல்காரி முதலில் ஓடி வந்தாள். கணவனைப் பார்த்ததும் நின்றாள். மேலும் கீழும் ஒருமுறை அளந்தாள்.

“எளைச்சுட்டீங்க” என்றாள். பிறகு, “அந்தப் பூ நீங்க அனுப்பலை, இல்லே?” என்றாள்.

தேதி சார் தரையைப் பார்த்தார்.

அவள் பின்னால் வந்த பெரிய உருவத்தைக் கண்டதும் வாய்தா ஓரடி பின்வாங்கினான். சேர்மன். முகமெல்லாம் சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால் இரண்டு ஆட்கள்.

“பலே அத்தை! நாலு நாளா என் ஆளுங்க ஊரெல்லாம் சலிச்சாங்க. நீங்க ஒரே மத்தியானத்துல மோப்பம் பிடிச்சுட்டீங்களே!”

அப்போதுதான் வாய்தாவுக்குப் புரிந்தது. கணவனைக் காணாத மனைவியின் கண்ணீரை முன்னால் விட்டு, பின்னாலேயே வேட்டைக்காரன் வந்திருக்கிறான். தாங்கள்தான் வேட்டை நாய். விலாசத்தைக் குரைத்துக் காட்டியது தன் வாய். அவன் அத்தையின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

“அண்ணே, நீங்க நல்லது பண்றீங்கன்னு நெனச்சுத்தானே ஓடிவந்து சொன்னேன்” என்றாள் தையல்காரி.

“நல்லதுதாம்மா பண்றேன். உன் கடை நகராட்சிக் கட்டடத்துலதானே இருக்கு? இந்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும் போலிருக்கே?” சேர்மன் சோபாவில் உட்கார்ந்தார். “சார், பேனாவை எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. ரெண்டு வரிதான்.”

தேதி சார் “மாட்டேன்” என்று சொல்ல வாயெடுத்தார்.

“எழுதிக் குடுங்க சார்” என்றாள் அத்தை.

டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வாய்தா தன் காதையே நம்பாமல், “அத்தை!” என்றான்.

“பெரிய மனுஷன் கேக்கறாரு. எழுதிக் குடுத்தா பிரச்சினை முடிஞ்சுது. நமக்கெதுக்கு ஊர் வம்பு?”

சேர்மன் தொடையில் தட்டிச் சிரித்தார். “அதான் அனுபவம்கறது!”

தேதி சார் எழுதினார். சேர்மன் அதைப் போனில் படம் பிடித்துத் தன் கையாலேயே எடிட்டருக்கு அனுப்பினார். “நாளைக்கு எல்லாரும் வரணும். முதல் வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்” என்று அழைப்பும் விடுத்துவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் வாய்தா, “அத்தை, நான் பண்ணினது தப்பு. அதுக்காக நீங்க இப்படி…” என்று ஆரம்பித்தான்.

“வெளியே போய் ஸ்கூட்டரைத் திருப்பி வை.”

“அது திரும்பித்தான் நிக்குது.”

“அப்ப மறுபடி திருப்பு. உன் வாய் இருக்கற ரூம்ல நான் இனிமே எதையும் பேசறதா இல்லை.”

சூடு போட்டது போலிருந்தது. இத்தனை வருஷத்தில் அத்தை எத்தனையோ திட்டியிருக்கிறாள். வெளியே போ என்று சொன்னதில்லை. வாய்தா தெருவில் போய் நின்றான். ஜன்னல் வழியே அத்தையின் முணுமுணுப்பு கேட்டது. திடீரென்று டீச்சரின் குரல் உயர்ந்தது: “முடியாது! உயிரே போனாலும் முடியாது!” அத்தை மறுபடி ஏதோ சொன்னாள். பிறகு தையல்காரி சிரிக்கும் சத்தம். அவளுக்குச் சிரிக்கவும் தெரியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் தலை மேல் தலை. காய்கறிக்காரர்களும் படகு பழுது பார்ப்பவர்களும் மேடைக்கு வெகு தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். சிலை திறந்தாயிற்று. ஒரு கையில் விளக்கு. முகம் மட்டும் அச்சு அசல் சேர்மன். சிற்பிக்கு வேறு முகம் கொடுக்கப்படவில்லை போலும்.

சேர்மன் மடியில் அன்றைய பத்திரிகை இருந்தது. அவர் அதை விடியற்காலையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தது முதல் பக்கத்தில் இருந்த தன் படத்தை. எழுத்து என்பது அடுத்தவர்கள் படிப்பதற்கானது என்பது அவர் கொள்கை. அதிலும் இது தானே சொல்லி எழுதவைத்தது. அதை வேறு படிப்பானேன்?

நில அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் படித்தார். “இதே நாளில், நூறு ஆண்டுகளுக்கு முன், விளக்குப் பெரியவரின் வீரத்தை மெச்சி, ஆற்றங்கரை நிலம் முழுவதையும் அன்றைய ஆட்சியாளர் அவருக்கே வழங்கினார்.”

முன்வரிசை கைதட்டியது. தூரத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி பக்கத்தைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தார். “பெரியவரோ, ‘விளக்குப் பிடித்ததற்குக் கூலி வாங்குவது என் வம்சத்துக்கே இழுக்கு’ என்று சொல்லி, அந்த நிலத்தை அந்த இடத்திலேயே கரையில் உழைத்துப் பிழைப்பவர்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். ‘என் வாரிசுகள் எவரும் இதில் ஒரு பிடி மண்ணுக்கும் உரிமை கோரக்கூடாது’ என்று சத்தியம் செய்தார்.”

தரையில் உட்கார்ந்த கிழவர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பின்னாலிருந்து எழுந்த கூச்சலில் பந்தல் ஆடியது.

சேர்மன் மடியில் இருந்த பத்திரிகையைப் பிரித்தார். முதன்முறையாகப் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் பக்கத்திலிருந்த வெண்கல முகத்தின் நிறத்துக்கு வந்தது. வாய்தா அத்தையைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்தக் கடைசி ரெண்டு வரி…”

“சார் நேத்து சாயங்காலம் எடிட்டருக்குப் போன் பண்ணி, விட்டுப்போச்சு, சேர்த்துக்குங்கன்னாரு. சேர்மனோட தாத்தாவைப் புகழ்றதுன்னா எடிட்டர் வேண்டாம்பாரா?”

மேடையில் அதிகாரி பணிவாகக் குனிந்தார். “ஐயா, இதை அடிப்படையா வெச்சு இங்கேயே வாக்குமூலம் எழுதி வாங்கணும்னு நீங்கதான் ஏற்பாடு பண்ணச் சொன்னீங்க. வாரிசுங்கற முறையில, கரையில உரிமை கோரமாட்டேன்னு எழுதிடட்டுங்களா?”

சேர்மன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். கூட்டம் அடங்கியது. இது பொய் என்று சொன்னால் தாத்தாவும் பொய். தாத்தா பொய் என்றால் பின்னால் நிற்கும் சிலை பொய், சுவரொட்டி பொய், அடுத்த தேர்தலும் பொய். அவர் கண் சிலையைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த தேதி சாரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் விஷம் இருந்தது.

“எங்க தாத்தா…” தொண்டையைச் செருமினார். “எங்க தாத்தா அப்படிப்பட்டவர்தான்.”

கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது. இரண்டாவது தாள் கொடுத்தார்கள். அதிலும் போட்டார்.

“ஆனா தாத்தாவே பொய்தானே அத்தை? இது செல்லுமா?” வாய்தா காதோடு கேட்டான்.

“தாத்தா பொய்யா இருக்கலாம். கையெழுத்து நெஜம். உயிரோட இருக்கற ஆள், எனக்கு உரிமை இல்லைன்னு ஊர் முன்னாடி எழுதிக் குடுத்தா அது எதுக்குச் செல்லாம போகுது? தாத்தா நாளைக்குக் காணாம போனாலும் அந்தக் காகிதம் இருக்கும்.”

“காணாமத்தான் போவாரு” என்றார் டீச்சர். கைப்பையிலிருந்து ஒரு அஞ்சலட்டை எட்டிப் பார்த்தது. “பாலம் கட்டின வருஷத்தோட எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு அதை முதல் பக்கத்துல போடவெக்கறது தன் பொறுப்புன்னு சார் சத்தியம் பண்ணியிருக்காரு. இவர் வேலையே போனாலும் சரி, போடறோம். பொய்க்கு நான் குடுத்தது ஒரே ஒரு நாள் வாய்தா.”

தன் பெயர் இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டு வாய்தா கேட்டதில்லை. அவன் அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தான். “நான் இப்ப பேசலாமா?”

“நாலு வார்த்தை.”

“மன்னிச்சுடுங்க அத்தை.”

“ரெண்டு மிச்சம் இருக்கு. பத்திரமா வெச்சுக்க” என்றாள் அத்தை. ஆனால் அவள் கை அவன் தோளில் விழுந்து ஒரு கணம் அங்கேயே இருந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியது. பின்னாலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு காய்கறிக்காரி வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. கண்ணில் நீர். தேதி சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்கதானே பேப்பர்ல எழுதறவரு? எங்க வயித்துல பாலை வார்த்தீங்க. நல்லா இருக்கணும்.”

தையல்காரி கணவனை அன்று முதன்முறையாகப் பெருமையாகப் பார்த்தாள்.

காய்கறிக்காரி கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு ஐயா. ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அன்னைக்கு அந்தப் பெரியவரு பக்கத்துல நின்னு விடிய விடிய விளக்குக்கு எண்ணெய் ஊத்தினது எங்க தாத்தா. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம் அவரு பேரையும் சேர்த்துப் போடுங்க.”

“எங்க தாத்தா திரி திரிச்சாரு!” என்றார் பின்னால் வந்த படகுக்காரர்.

டீச்சர் வாயைத் திறந்தார். அத்தை அவர் முழங்கையைப் பற்றி ஸ்கூட்டர் நின்ற பக்கம் இழுத்தாள்.

“டேய், வண்டியை எடு. இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னா டீச்சருக்கு மாரடைப்பு வந்துடும்.”